அந்தத் தவணையைக் கட்டியது யார்?

அத்தியாயம் ஐந்து

நீதிமன்ற வராந்தாவில் நான் நடந்தால் இளம் வக்கீல்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். பரீட்சைக்கு உருப்போட்ட பாடம் பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு எதிரே வந்தால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

"அதோ, முன்தீர்ப்பு வர்றார்" என்று ஒருவன் இன்னொருவன் காதில் சொல்வது எனக்கும் கேட்கும்.

ஆமாம், பின்னால் வரும் வழக்குகளுக்கெல்லாம் மேற்கோள் காட்டும் பழைய தீர்ப்பு, அதுதான் என் பட்டப்பெயர். தொழில், துப்பறிவது. பல வருடங்களுக்கு முன், தொழிலுக்கு உதவுமே என்று தவணை முறையில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அதில் எதிர்வீடும் தெரியவில்லை, நிலாவும் தெரியவில்லை. தவணைத் தேதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கட்டுவதை நிறுத்திவிட்டேன். கடன் காலாவதியாகி, சட்டத்தின் கண்ணில் செத்தே போன பிறகு, வசூல்காரன் ஒருவன் போனில் நச்சரித்தான். தொல்லை விட்டால் போதும் என்று ஒரே ஒரு தவணையைக் கட்டினேன். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம்; செத்த கடன் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

வழக்குப் போட்டேன். வக்கீல் எதற்கு, வாய் இருக்கிறதே என்று நானே வாதாடினேன். "அந்தத் தவணையைக் கட்டியது நீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "நானேதான்! தெரிஞ்சே கட்டினேன்! என் கையால, என் இஷ்டத்துல கட்டினேன்!" என்று மார்தட்டினேன். நேர்மைக்குச் சலுகை கிடைக்கும் என்று நினைப்பு. அவர் நான் சொன்னதை அப்படியே தீர்ப்பில் எழுதி, மொத்தக் கடனையும் என் தலையில் கட்டினார்.

அன்று முதல், பழைய கடனில் யார் மாட்டிக்கொண்டாலும், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "தொலைநோக்கி வழக்கு, கனம் நீதிபதி அவர்களே" என்கிறார். மாட்டியவரின் கதை அதோடு முடிந்தது. ஊரில் எத்தனை பேர் என்னைச் சபித்துக்கொண்டு தவணை கட்டுகிறார்கள் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பெருமைக்குரியவனைத்தான் அன்று பிற்பகல் வக்கீலம்மா தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் எங்கள் கட்சிக்காரர், டிரைவிங் டீச்சர். இன்னொன்றில் என் அக்கா. நான் அலமாரியில் சாய்ந்து நின்றேன். அலமாரி கொஞ்சம் ஆடியது.

அக்காதான் என் உதவியாளர். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். யாருக்கு நிஜமான வயிற்றுவலி, யாருக்கு லீவு வேண்டிய வயிற்றுவலி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். என்னிடம் சம்பளம் வாங்குவதில்லை என்பதால் எனக்கு முதலாளியும் அவள்தான். வீட்டில் எந்தத் தப்பு நடந்தாலும், குழாயை மூட மறந்தாலும் பால் பொங்கி வழிந்தாலும், நெஞ்சில் கை வைத்து என் குரலிலேயே "என் கையால, என் இஷ்டத்துல!" என்பாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"நாளைக்குக் காலையில விசாரணை. எதிர்த்தரப்பு கையில ஒரே ஒரு ஆயுதம்தான் இருக்கு" என்றார் வக்கீலம்மா.

"என்னங்க அது?"

"நீங்க."

அக்கா சிரிப்பை அடக்கவில்லை.

விஷயம் இதுதான். டிரைவிங் டீச்சர் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவள். வாழ்க்கையில் அவள் வாங்கிய ஒரே கடன் ஒரு வாஷிங் மெஷினுக்கு. மெஷின் வந்து சேரும் முன்னால் கடைக்காரன் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டான். வராத மெஷினுக்கு எதற்குப் பணம் என்று இவளும் நிறுத்திவிட்டாள். அந்தக் கடன் காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. அதை ஒரு வசூல் கம்பெனி, இன்னும் நூறு செத்த கடன்களோடு சேர்த்து, அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இவள் பேரில் ஒரு சின்னத் தொகையைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான், கடனுக்கு உயிர் வந்துவிட்டது. கம்பெனி அதைப் புத்தம்புது பாக்கியாக்கி இவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றிவிட்டது.

அவளிடம் இருக்கும் கார் இந்த வாரத்தோடு ஓட்டத் தகுதியில்லை என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். வேறொரு பழைய காருக்குப் பேசி வைத்திருந்தாள். வங்கி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது. காரை விற்பவர் நாளை சாயங்காலம் வரைதான் பொறுப்பேன் என்கிறார். கார் இல்லையென்றால் டிரைவிங் டீச்சர் என்ன சொல்லிக் கொடுப்பாள், நடக்கவா?

"நான் கட்டலைண்ணா" என்றாள் அவள் என்னிடம். "எனக்கு யார்கிட்டயும் ஒரு பைசா பாக்கி வைக்கப் பிடிக்காது. வச்சா தூக்கம் வராது. அப்படிப்பட்டவளைப் போய் கடன் ஏமாத்தினவள்னு ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்காங்க."

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தீர்ப்பைப் பிரித்தார். "எல்லாரும் இதோட கடைசி வரியை மட்டும்தான் படிக்கிறாங்க. நடுவுல பாருங்க. 'கடனாளி தானே, தெரிந்தே, தன் விருப்பத்தில் கட்டிய தொகை.' இது ஏன் இங்க இருக்குன்னு தெரியுமா?"

"நான் மார்தட்டினதாலயா?"

"அதனாலேதான். இவங்களுக்குத் தெரியாம, இவங்களைக் கேட்காம, வேற யாரோ கட்டினாங்கன்னு நிரூபிச்சா, உங்க தீர்ப்பு நம்ம பக்கம் திரும்பிடும். செத்த கடன் செத்ததுதான். ரிப்போர்ட்ல இருந்தும் அழிச்சாகணும். நாளைக்குக் காலையில எனக்கு அந்த ஆள் வேணும்."

என் உளறலுக்கு உள்ளே ஒரு சாவி கிடந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டேன். "ஆள் யாருன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு. லாபம் யாருக்கு? கம்பெனிக்கு. அப்ப கட்டினதும் கம்பெனிக்காரன்தான். தானே காசைப் போட்டு, தானே கடனை எழுப்பியிருக்கான்."

"மெல்லடா" என்றாள் அக்கா. "மூளைக்கு வேலை கொடுத்து நாளாச்சு. சுளுக்கிக்கப் போகுது."

*

டீச்சரின் காரிலேயே கிளம்பினோம். கூரையில் கற்போருக்கான 'எல்' பலகை, இரண்டு பக்கமும் பிரேக். நான் முன்னால் உட்கார்ந்ததால் என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. முதல் திருப்பத்திலேயே அதை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

"அண்ணா, காலை மடக்கி வச்சுக்கோங்க" என்றாள் டீச்சர். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "கட்டினது யாருன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை. கண்ணை மூடினா பணம் கட்டின அந்தக் கைதான் வருது. என்மேல அப்படி என்ன கோபம் அந்த ஆளுக்கு?"

சாதாரணமாக இதற்கு அக்காவிடமிருந்து ஒரு பதில் வந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். காரில் போனால் அவளுக்குக் குமட்டும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இத்தனைக்கும் அவளுக்குக் காரில் குமட்டி நான் பார்த்ததே இல்லை. துப்பறிபவன் என்று விசிட்டிங் கார்டு அடிக்க எந்தத் தேர்வும் கிடையாது என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் கொள்ளவும்.

வசூல் கம்பெனி நான்காவது மாடியில் இருந்தது. வரிசை வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஹெட்போன் மாட்டிய ஒரு தலை, பக்கத்தில் ஒரு சின்ன மணி. யாராவது பணம் கட்ட ஒப்புக்கொண்டால் மணியை அடிக்கிறார்கள். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கிட்டே போய்ப் படித்தேன். என் தீர்ப்பின் கடைசி வரி.

மேலாளர் என் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"சார்! தொலைநோக்கி நீங்கதானா?"

"நான்தான்."

"எல்லாரும் ஒரு நிமிஷம் போனை வைங்கப்பா! இங்க யார் வந்திருக்காங்க பாருங்க! இவர் இல்லேன்னா நாம யாரும் இல்லை!"

மொத்த ஹாலும் எழுந்து கைதட்டியது. இரண்டு பேர் மணி அடித்தார்கள். மேலாளர் என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். கூச்சமாகவும் இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"சிரிடா, படம் நல்லா வரட்டும்" என்றாள் அக்கா. "கீழே 'நன்றி'ன்னு போட்டு மாட்டுவாங்க."

நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன். வாஷிங் மெஷின் கடனைப் பற்றிச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அந்தச் சின்னத் தொகையை உங்க ஆளுங்களே கட்டிட்டாங்க. சரியா?"

மேலாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சார், இங்க ஒரு பேனா தொலைஞ்சாலே மூணு பேர் கையெழுத்துப் போட்டு விசாரிப்பாங்க. சொந்தக் காசுல அடுத்தவன் தவணையைக் கட்டுற ஆளை நான் எங்க போய்ப் பிடிப்பேன்? அதுக்கு அவசியமும் இல்லை. மிரட்ட மாட்டோம், கெஞ்ச மாட்டோம். ஒரே ஒரு வாக்கியம்தான். 'ஒரு சின்னத் தொகை...'"

"'...கட்டிடுங்க மேடம், நாளையிலிருந்து போனே வராது'" என்று முடித்தாள் அக்கா.

மேலாளர் அசந்துபோனார். "அப்படியே எங்க டயலாக்! மேடம் இந்த லைன்ல இருந்தீங்களா?"

"தம்பிக்கு வந்த போனை நானும் கேட்டிருக்கேன்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

என்ன ஞாபகசக்தி என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன். எனக்கு வந்த போனில் மேடம் எங்கே இருந்து வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"எங்க கட்டினாங்க, அதையாவது சொல்லுங்க."

"உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சார் சொல்லப் போறேன்?" என்று மேலாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ரொக்கம். அந்த அம்மா வீட்டுத் தெருமுனையில இருக்கே சூப்பர் மார்க்கெட், அங்க பில் கட்டுற கவுன்டர்ல. யார் கட்டினாங்கன்னு நாங்க பார்க்கிறதில்லை. பணத்துக்கு முகம் எதுக்கு சார்?" ரசீது எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். என் எதிரிகளே என்னை இவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள்.

லிஃப்டில் இறங்கும்போது புதுக் கோணம் ஒன்று உதித்தது. "அக்கா, தெருமுனைக் கடை! அப்ப ஆள் அவளுக்குத் தெரிஞ்சவன். டிரைவிங் கத்துக்க வந்த எவனோ ஒருத்தன். ஒருதலைக் காதல்!"

"காதலிக்கிறவன் கார் வாங்கிக் கொடுப்பான்டா. வாஷிங் மெஷின் பாக்கியையா கட்டுவான்?"

பதில் கூர்மையாகத்தான் இருந்தது. குரலில் மட்டும் உப்பு குறைவாக இருந்தது.

*

சூப்பர் மார்க்கெட் வாசலில் டீச்சர் காரை நிறுத்தினாள். அக்கா இறங்கவில்லை.

"நீ போடா. எனக்கு முட்டி வலிக்குது."

"கடைக்குப் படியே கிடையாதுக்கா."

"சமதரையிலயும் வலிக்கும்."

உதவியாளர் இல்லாமல் விசாரணைக்குப் போனால் யாரும் என்னை நம்புவதில்லை. சில சமயம் என்னையே திருடன் என்று பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் காரிலேயே இருந்தாள்.

பில் கவுன்டரில் இருந்த பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். நான் கார்டை நீட்டினேன். அவள் அதை ஸ்கேன் செய்யப் பார்த்தாள்.

"இது கூப்பன் இல்லைம்மா. நான் துப்பறிபவன். எட்டு மாசம் முன்னாடி இந்த ரசீதுக்கு யார் பணம் கட்டினாங்கன்னு தெரியணும்."

"நேத்து நான் என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்லை சார்."

"பேர் எதுவும் பதிவாகாதா?"

"ரொக்கம்னா எண்ணி வாங்கிப் போட்டுருவோம். பேரெல்லாம் கேட்கிறதில்லை. போன் நம்பர் சொன்னா தள்ளுபடிக்குப் பாயிண்ட் ஏறும், அவ்வளவுதான்."

காது நிமிர்ந்தது எனக்கு. "இந்த ரசீதுக்குப் பாயிண்ட் ஏறியிருக்கா?"

அவள் தட்டிப் பார்த்தாள். "ஏறியிருக்கு."

"எந்த நம்பர்?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும் சார்."

நான் அக்கா பக்கம் திரும்பினேன். துப்பறிபவனின் பொன்னான நேரம் இது. ஒரே ஒரு தடயத்திலிருந்து முழு மனிதனையும் வரைந்து காட்ட வேண்டும். விரலை உயர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். "பார்த்தியா? அடுத்தவங்க கடனை ரகசியமா கட்டுற நேரத்துலகூட பாயிண்டை விட மனசு வரலை. ஆள் சரியான கஞ்சம்."

"ம்."

"பின்னால என்ன ஆகும்னு யோசிக்காம முன்னால கையை நீட்டுற ரகம்."

"ம்."

"ஆனா தன்னைப் பெரிய புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டிருக்கும். ஊர்ல இருக்கிற எல்லாரையும் முட்டாள்னு கேலி பண்ணும்."

"வேற?" என்றாள் அக்கா. குரல் நூலாக வந்தது.

"வயசு கொஞ்சம் ஆகியிருக்கும். பொம்பளையா இருக்கலாம்."

"வேற?"

"போதும், மீதியை ராத்திரிக்குள்ள கண்டுபிடிச்சிருவேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று பக்கத்தில் தொங்கிய பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தேன்.

"போன் நம்பர் சொல்லுங்க சார், பாயிண்ட் போடறேன்."

எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் அக்காவின் நம்பரைத்தான் சொல்ல வேண்டும். அது அவள் போட்ட சட்டம். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டில் அக்காவின் கை இறுக்கமாக விழுந்தது.

"வேணாம்மா. பாயிண்டெல்லாம் வேணாம்" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரஞ்சு வாங்கி, அதற்கும் நம்பர் சொன்னவள் என் அக்கா. ஒருமுறை நம்பர் சொல்ல மறந்து வீடு வரை வந்துவிட்டு, கொட்டும் மழையில் பில்லோடு திரும்பிப் போனவள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், எந்தக் கடையில் சாமான் வாங்குகிறீர்கள், பாயிண்ட் உண்டா என்று கேட்டு அந்தச் சம்பந்தத்தையே கெடுத்தவள். அந்த அக்கா பாயிண்ட் வேண்டாம் என்கிறாள். இதைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை. என் மூளைக்கே அது போதுமானதாக இருந்தது.

அவள் நம்பரை ஒவ்வோர் எண்ணாக, அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். கவுன்டர் பெண் தட்டினாள். மெல்லுவதை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், ரசீதுச் சீட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"சார், நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலை, சரியா?" என்றாள் மெதுவாக. "ஆனா நீங்க இனிமே வேற யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லை."

*

தள்ளுவண்டிகள் அடுக்கி வைத்திருந்த மூலைக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். அவள் ஒரு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓயாம போன் வந்துச்சுடா அவளுக்கு. விடியறதுக்கு முன்னாடி, சாப்பிடுற நேரம், கிளாஸ் எடுக்கிற நேரம். கீழேயிருந்து நம்ம வீட்டுக்கே கேட்கும்."

"எனக்கு ஏன் கேட்கலை?"

"உன் குறட்டையைத் தாண்டி உனக்கு என்ன கேட்டிருக்கு? ஒரு நாள் மாடிப்படியில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. என்னடின்னு கேட்டா, கண்ணுல தூசின்னா. முகம் கழுவ எழுந்து போனா, போனை அங்கேயே வச்சுட்டு. அது மறுபடி அடிச்சுது. திட்டித் தீர்த்துடலாம்னுதான் எடுத்தேன். அந்தப் பையன் அவ்வளவு மரியாதையா பேசினான்டா. ஒரு சின்னத் தொகை கட்டிடுங்க மேடம்னான். அவளைக் கேட்டா விடமாட்டா. அதான் சொல்லாம போய்க் கட்டிட்டேன்."

"போன் நின்னுச்சா?"

"ரெண்டு மடங்காச்சு."

"அக்கா, என் வழக்கைக் கரைச்சுக் குடிச்சவ நீ. நெஞ்சுல கை வச்சு எத்தனை தடவை நடிச்சுக் காட்டியிருக்கே?"

"அதான்டா" என்றாள். கண் கலங்கிவிட்டது. "அது உனக்கு நடக்கிற விஷயம்னு நினைச்சுட்டேன். நீ முட்டாள், நான் கெட்டிக்காரி, எனக்கெல்லாம் அப்படி ஆகாதுன்னு. வழக்குன்னு வந்தப்புறம்தான் உறைச்சுது, நீ பண்ணின அதே காரியத்தை நானும் பண்ணியிருக்கேன்னு. உன்கிட்ட சொல்ல வெட்கம். அவகிட்ட சொல்ல பயம். நாள் போகப் போக வாயே வரலை."

எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த நேரம் இது. நெஞ்சில் கை வைத்து, குரலை ஏற்றி, அந்த வசனத்தை அவளிடமே திருப்பிச் சொல்லலாம். உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டும் சொல்லலாம். வாயைக்கூடத் திறந்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பழி வாங்கக்கூடத் துப்பில்லாதவன் நான். எனக்கு அவள் மேல் பாசம்தான் பொங்கியது.

"நீ பண்ணினது தப்பா சரியாங்கறது நாளைக்குத்தான்க்கா தெரியும். அவளுக்குத் தெரியாம, அவளைக் கேட்காம நான்தான் கட்டினேன்னு நீ கூண்டுல ஏறிச் சொன்னா, அவ தப்பிச்சுடுவா. அன்னைக்கு அந்த ரசீதுக்கு உன் நம்பர் சொல்லியிருக்கே. கோர்ட் கேட்டா கடைக்காரங்க கொடுத்துத்தான் ஆகணும். நீ இப்ப அவளோட சேர்ந்துக்கிட்டுப் பொய் சொல்றேன்னு யாரும் சொல்ல முடியாது."

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"எல்லார் முன்னாடியும்."

"அவகிட்ட?"

"முதல்ல அவகிட்ட. இப்பவே."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ பின்சீட்ல உட்காரு. வாயைத் திறக்காதே."

*

முன்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவ்வளவு சுருக்கமாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை.

டீச்சர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்களாக்கா?" என்றாள்.

"நான்தான்டி."

"பேங்க்ல லோன் இல்லைன்னு சொன்ன அன்னைக்கு உங்க மடியிலதானே வந்து அழுதேன். அப்பவும் சொல்லலையே?"

"சொல்லலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா கட்ட விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேட்கலை."

டீச்சரின் முகம் சிவந்தது. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தினால் நியாயம்தான். அவள் கைப்பையை வெடுக்கென்று இழுத்து, பர்ஸைத் திறந்து, நோட்டுகளை எண்ணினாள். "எவ்வளவு கட்டினீங்க? முதல்ல இதைப் பிடிங்க. உங்க பாக்கியை வச்சுக்கிட்டு என்னால உங்களோட சண்டைகூடப் போட முடியாது."

அக்காவின் கை தானாக நீண்டது. காசு என்றால் அது அப்படித்தான் நீளும்.

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எழும்பியதில் தலை கூரையில் இடித்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அந்தக் காசை நீ கொடுத்தா" என்றேன், தலையைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா உனக்காகத்தான் கட்டினா, நீயும் அதை ஒத்துக்கிட்டேன்னு ஆயிடும். அப்புறம் அது நீயே கட்டின மாதிரிதான். கடன் மறுபடியும் எழுந்து உட்கார்ந்துக்கும். ரிப்போர்ட்டும் போச்சு, காரும் போச்சு."

என் வாயிலிருந்து சட்டம் சரியாக வந்தது அதுதான் முதல் தடவை.

"சரி, நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கறேன்" என்றாள் டீச்சர். "தீர்ப்பு வந்ததும் கொடுத்திடறேன்."

"அவங்க மேல் கோர்ட்டுக்குப் போவாங்க. அங்க கூண்டுல நிறுத்தி, திருப்பிக் கொடுத்தியான்னு கேட்பாங்க. நீ பொய் சொல்ல மாட்டே. அதனால என்னைக்குமே கொடுக்கக் கூடாது."

நோட்டுகள் அவள் கையிலேயே நின்றன. யாரிடமும் பாக்கி வைத்தால் தூக்கம் வராத பெண். அவளைக் காப்பாற்ற வந்த சட்டம் இதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்க முடியாது.

"அப்ப நான் அக்காவுக்குக் கடன்காரியாவே இருக்கணுமா?"

"ஆமாடி" என்றாள் அக்கா. "சாகிற வரைக்கும்." வழக்கமான கேலிக் குரலில் சொல்லத்தான் பார்த்தாள். பாதியில் உடைந்துவிட்டது.

டீச்சர் பணத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு நோட்டாகப் பர்ஸில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். கடைசி நோட்டை உள்ளே வைக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சரிக்கா" என்றாள். "இருக்கேன்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்து அழுதாள். ஹாரன் அலற ஆரம்பித்தது. அவள் நிமிரவில்லை. அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, தானும் அழுதுகொண்டிருந்தாள். நிறுத்துமிடத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். வழி கிடைக்காமல் பின்னால் காத்திருந்த ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "வண்டியை எடுக்கப் போறீங்களா, இல்லையா?" என்று சத்தம் போட்டார்.

அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றாள். "இப்பதான் கத்துக்கிட்டிருக்கோம்."